ஆறு மாதச் சான்றிதழும் இரண்டாண்டுப் படிப்பும்: முதல்நிலை நலவாழ்வில் செவிலியரின் முதுநிலைக் கல்வி குறித்து, கடலூர் மாவட்டத்தை முன்வைத்து

1. கேள்வி

கடலூர் மாவட்டத்தின் தென்கோடியில், சிதம்பரத்தை அடுத்துக் கொள்ளிடக் கரையிலும் ஆற்றுத் திட்டுகளிலும் சில ஊர்கள் இருக்கின்றன: அக்கரை ஜெயங்கொண்டபட்டினம், கீழகுண்டலபாடி, திட்டுக்காட்டூர். மேட்டூர் நிரம்பி உபரிநீர் கொள்ளிடத்தில் திறந்துவிடப்படும் ஆண்டுகளில் இவ்வூர்களைத் தண்ணீர் சூழ்ந்துகொள்ளும். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் அப்படித்தான் நடந்தது. வடகிழக்குப் பருவத்தில் வெள்ளம் வேறு பக்கத்திலிருந்து வரும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தது. அதற்கு ஏழாண்டு முன்பு தேவனாம்பட்டினத்தையும் கிள்ளைப் பகுதியின் எம்.ஜி.ஆர். திட்டையும் ஆழிப்பேரலை அடித்துப் போயிருந்தது.

இத்தகைய இடங்களில் மருத்துவம் என்பது நடைமுறையில் யார் கைக்கு எட்டுகிறார் என்பதைப் பொறுத்தது. சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோன முதியவரும் மூன்று நாள் காய்ச்சலோடு கிடக்கும் பிள்ளையின் தாயும் முதலில் பார்ப்பது துணை சுகாதார நிலையத்துச் செவிலியரை. அவர் கிராம சுகாதார செவிலியராக இருக்கலாம், அண்மை ஆண்டுகளில் நியமிக்கப்பட்ட இடைநிலை சுகாதாரப் பணியாளராகவும் இருக்கலாம். நோயை அடையாளம் காண்பது, மாத்திரை கொடுப்பது, மேலே அனுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது ஆகிய மூன்றையும் அவர் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார். அந்த முடிவுகளுக்கு ஏற்ற கல்வியை அவருக்குக் கொடுத்திருக்கிறோமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இன்னும் குறுக்கிச் சொன்னால்: முதல்நிலை நலவாழ்வுக்கென்று செவிலியருக்கு முதுநிலைப் படிப்பு தேவையா, தேவையானால் அது எங்கே நடக்க வேண்டும், முடித்தவர் எங்கே உட்கார வேண்டும்?

உலகின் பல நாடுகளில் இப்படிப் படித்தவருக்கு நர்ஸ் பிராக்டிஷனர் என்று பெயர். இத்துறைக்கான முதல் பயிற்சியை 1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியவர்கள் பொதுச் சுகாதாரச் செவிலியரான லொரெட்டா ஃபோர்டும் குழந்தை மருத்துவரான ஹென்றி சில்வரும். செவிலியர் ஒருவரும் மருத்துவர் ஒருவரும் சேர்ந்து தொடங்கினார்கள் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கட்டுரையின் பிற்பகுதியில் இது தேவைப்படும்.

2. டாக்டர் பஞ்சம் என்ற வாதம்

செவிலியருக்குக் கூடுதல் அதிகாரம் கேட்பவர்கள் வழக்கமாக முதலில் எடுத்துவைப்பது மருத்துவர் பற்றாக்குறையை. சத்தீஸ்கருக்கோ ஜார்க்கண்டுக்கோ அது பொருந்தலாம். தமிழ்நாட்டில் அதே வாதத்தை அப்படியே நகலெடுத்தால் நிற்காது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் மருத்துவர்கள் வெளிவரும் மாநிலம் இது. பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனி இயக்குநரகமும் 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமும் இங்கே உண்டு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருத்துவர்கள் இருக்கிறார்கள். பிரசவங்கள் ஏறத்தாழ அனைத்துமே மருத்துவமனைகளில் நடக்கின்றன. அதில் ஆரம்ப சுகாதார நிலையத்து ஸ்டாஃப் நர்சுகளின் உழைப்பும் உண்டு.

ஆகவே இங்கே வேறு காரணத்தைத் தேட வேண்டும். அது 2020-இல் தமிழ்நாட்டில் தொற்றா நோய்கள் குறித்து நடந்த ஸ்டெப்ஸ் ஆய்வில் இருக்கிறது. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம். சர்க்கரை நோயாளிகளில் கட்டுக்குள் இருந்தவர்கள் 10.8 சதவீதம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துக்குப் பின்னால் இருந்த உறுத்தல் இந்த எண்கள்தாம். மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது அத்திட்டத்தின் பெரிய சாதனை; 2024-இல் ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது. ஆனால் மாத்திரை வீடு சேர்வதும் அழுத்தம் குறைவதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவில் ஒருவர் உட்கார்ந்து யோசித்தாக வேண்டும்.

பரங்கிப்பேட்டைக் கடலோரத்தில் மீன் விற்கும் ஐம்பத்தைந்து வயதுப் பெண் ஒருவரை எண்ணிப்பாருங்கள். மாதா மாதம் தொற்றா நோய்ப் பிரிவுக்கு வருகிறார். நர்ஸ் பி.பி. பார்க்கிறார், 160/100. நோட்டில் எழுதப்படுகிறது. வரிசை நீளம், மருத்துவர் கையெழுத்துப் போடுகிறார். அம்லோடிபின் 5 மில்லிகிராம், முப்பது நாளைக்கு. அடுத்த மாதமும் 160/100, அதே 5 மில்லிகிராம். அவர் மாத்திரையைத் தினமும் போடுகிறாரா, காலையில் கடற்கரைக்குப் போகும் அவசரத்தில் விட்டுவிடுகிறாரா, சாப்பாட்டில் கருவாடு எத்தனை வேளை, முழங்கால் வலிக்கென்று மெடிக்கல் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் அழுத்தத்தை ஏற்றிவிடுகிறதா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. நர்சுக்குக் கேட்கத் தோன்றினாலும், பதிலை வைத்துக்கொண்டு மருந்தின் அளவை மாற்றும் படிப்பும் உரிமையும் அவரிடம் இல்லை. மருத்துவருக்கு இரண்டும் உண்டு, பத்து நிமிடம் கிடையாது. 7.3 என்ற எண் இந்த இடைவெளியில்தான் பிறந்தது.

தமிழ்நாட்டில் செவிலியரின் முதுநிலைக் கல்விக்கான நியாயம் நீண்டகால நோய்களை ஊருக்குள்ளேயே, நிதானமாக, பொறுப்போடு கவனிப்பதில் இருக்கிறது என்பது என் துணிபு. டாக்டர் கிடைக்காத இடத்தில் டாக்டருக்கு மாற்று என்ற பழைய வாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால், டாக்டர் கிடைத்த மறுநாளே இந்தப் படிப்பு தேவையற்றதாகிவிடும்.

3. சான்றுகள் எவ்வளவு தூரம் வரும்

செவிலியர் தரும் முதல்நிலைச் சிகிச்சை பற்றிய ஆய்வுகளுக்கு அரை நூற்றாண்டு வயது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பர்லிங்டன் நகரில் 1,598 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை மருத்துவரிடமும் மறு பகுதியினரை நர்ஸ் பிராக்டிஷனரிடமும் அனுப்பினார்கள். 1974-இல் வெளியான முடிவில் இரு தரப்பாரின் உடல்நிலையிலும் வேறுபாடு தெரியவில்லை. அதன்பின் வந்தவற்றைத் தொகுத்து 2018-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. நோயாளிகளின் உடல்நிலை மருத்துவரிடம் போனவர்களுக்கு இணையாகவோ சற்று மேலாகவோ இருந்தது. ரத்த அழுத்தத்தில் சிறு முன்னேற்றம் தெரிந்தது. நோயாளிகளுக்குத் திருப்தி அதிகம். செவிலியர் எடுத்துக்கொண்ட நேரமும் அதிகம்.

இந்த இடத்தில் நிறுத்தி நிதானிக்க வேண்டும். அந்த 18 ஆய்வுகளில் 17 பணக்கார நாடுகளில் நடந்தவை. நடுத்தர வருமான நாட்டிலிருந்து வந்தது ஒன்றுதான், அது தென்னாப்பிரிக்கா. இந்தியாவிலிருந்து எதுவும் இல்லை. கடலூர் மாவட்டத்துக் கீரப்பாளையத்தின் நிலைமைக்குப் பர்லிங்டனின் முடிவைச் சாட்சியாகக் கூப்பிடுவதில் எச்சரிக்கை வேண்டும். அங்கே செவிலியருக்குப் பின்னால் முழு அமைப்பு நின்றது: ஆய்வகம், பதிவேடு, கூப்பிட்டால் பேசும் மருத்துவர்.

தென்னாப்பிரிக்கா நமக்கு நெருங்கிய பாடம். ஆரம்ப நிலைய நோயறிதலுக்கும் சிகிச்சைக்குமெனத் தனிப் பயிற்சி பெற்ற செவிலியரை அந்நாடு பல காலமாக நம்பியிருக்கிறது. செவிலியர் சட்டத்திலேயே அதற்கு இடம் வைத்தது. எச்.ஐ.வி. மருந்தைச் செவிலியரே தொடங்கலாமா என்று ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தின் 31 மருத்துவ நிலையங்களில் நடந்த பெரிய ஆய்வு 2012-இல் வெளிவந்தது. உரிய பயிற்சி பெற்ற செவிலியர் தொடங்கிய சிகிச்சை பாதுகாப்பானதே என்று அது காட்டியது. ஆனால் அந்தச் செவிலியர்களில் பெரும்பாலோர் முதுநிலைப் பட்டதாரிகள் அல்லர். தாய்லாந்தும் நான்கு மாதப் பயிற்சியில் ஆயிரக்கணக்கானோரைத் தயார் செய்தது. சர்வதேசச் செவிலியர் மன்றத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டியோ முதுநிலைப் பட்டத்தையே குறைந்தபட்சத் தகுதியாகச் சொல்கிறது. ஆக, முதுநிலைப் பட்டம் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது என்று சான்றுகள் சொல்லவில்லை. இதை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையாகாது.

இந்தியாவிலிருந்து எடுத்துவைக்க ஒரு சான்று உண்டு. சத்தீஸ்கர் 2001-இல் மூன்றாண்டு மருத்துவப் படிப்பு ஒன்றைத் தொடங்கிச் சில ஆண்டுகளில் மூடியது. அதில் படித்தவர்கள் ஊரக மருத்துவ உதவியாளர்களாகப் பணியமர்ந்தார்கள். கிருஷ்ண ராவ் முதலான ஆய்வாளர்கள் அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களில் நோயாளிகளைப் பார்ப்போரின் திறனை ஒப்பிட்டார்கள். மூன்றாண்டு படித்த உதவியாளர்களும் எம்.பி.பி.எஸ். மருத்துவர்களும் ஒரே தரத்தில் நின்றார்கள். மருத்துவரில்லாத இடங்களில் வேறு வழியின்றி நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த செவிலியரும் மருந்தாளுநரும் கடைசியில் வந்தார்கள். இதைச் செவிலியருக்கு எதிரான தீர்ப்பாகப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. நோயறிதல் கற்பிக்கப்பட்டவர்கள் நோயறிந்தார்கள், கற்பிக்கப்படாதவர்கள் தடுமாறினார்கள். குறை ஆளிடம் இல்லை, கல்வியில் இருக்கிறது. நம் ஊர் இடைநிலை சுகாதாரப் பணியாளரின் நிலைமை இந்த இரண்டாம் வகைக்கே நெருக்கமானது என்பதுதான் கவலைக்குரியது.

4. இப்போது இருக்கும் படிகள்

2018-இல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின்கீழ் ஒன்றரை லட்சம் துணை மையங்களையும் ஆரம்ப நிலையங்களையும் நலவாழ்வு மையங்களாக மாற்றுவதென்று ஒன்றிய அரசு அறிவித்தது. ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை மையம். அதில் சமூகச் சுகாதார அலுவலர் ஒருவர். தமிழ்நாட்டில் அவரைத்தான் இடைநிலை சுகாதாரப் பணியாளர் என்கிறோம். செவிலியப் படிப்பு முடித்தவருக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் பயிற்சி, பிறகு பணி. பி.எஸ்ஸி. நர்சிங் பாடத்திட்டத்திலேயே அப்பயிற்சியைச் சேர்க்கும் ஏற்பாடும் பின்னர் வந்தது. துணை மையத்தில் இருக்க வேண்டியவை என்று வகுக்கப்பட்டவை 105 வகை மருந்துகள், 14 வகைப் பரிசோதனைகள். கர்ப்பிணிப் பராமரிப்பிலிருந்து மனநலம், முதியோர் நலம், வலிதணிப்புவரை பன்னிரண்டு வகைச் சேவைகள். இவ்வளவுக்கும் ஆறு மாதம்.

துணை மையத்தைப் பலப்படுத்துவது வீண் என்று இதற்குப் பொருளில்லை. 2017-இல் சூளகிரி, விராலிமலை, வேப்பூர் ஆகிய மூன்று வட்டாரங்களில் தமிழக அரசு நடத்திய முன்னோட்டமும் அதைச் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் மதிப்பிட்டதும் ஒன்றைத் தெளிவாகக் காட்டின: ஆளும் மருந்தும் இருந்தால் மக்கள் துணை மையத்துக்கு வருகிறார்கள், தனியார் மருத்துவமனைக்குப் போவதும் கைக்காசு கரைவதும் குறைகின்றன. மக்களின் நம்பிக்கை அங்கே இருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு உரிய திறனை அங்கே உட்கார்ந்திருப்பவருக்குக் கொடுக்க வேண்டியது அரசின் கடமை.

மேலே ஏறிப் படிக்க விரும்பும் செவிலியருக்கு இருப்பது எம்.எஸ்ஸி. நர்சிங். ஐந்து சிறப்புத் துறைகளில் சமூக நலச் செவிலியமும் ஒன்று. இந்திய நர்சிங் கவுன்சிலின் பாடத்திட்டத்தைத் திறந்து பார்த்தால் முதலாண்டில் செவிலியக் கல்வி, உயர்நிலைச் செவிலியப் பணி, ஆராய்ச்சியும் புள்ளியியலும், சிறப்புத் துறைப் பாடம். இரண்டாமாண்டில் செவிலிய நிர்வாகம், சிறப்புத் துறைப் பாடத்தின் இரண்டாம் பகுதி, ஆய்வேடு. பாடம் எடுக்க, நிர்வகிக்க, ஆய்வேடு எழுதத் தயாராகிறார். எனவே படித்து முடித்ததும் இயல்பாகவே டியூட்டராகவோ விரிவுரையாளராகவோ ஏதேனும் ஒரு தனியார் நர்சிங் கல்லூரிக்குப் போய்விடுகிறார். தமிழ்நாட்டில் ஒரு செவிலியர் எவ்வளவு அதிகம் படிக்கிறாரோ அவ்வளவு தூரம் நோயாளியைவிட்டு விலகிப் போகிறார். நான்கு ஆண்டு பி.எஸ்ஸி., ஓராண்டு அனுபவம், இரண்டாண்டு எம்.எஸ்ஸி. என்று வளர்ந்த அறிவு ஒரு சர்க்கரை நோயாளியின் காலைக்கூடப் பார்க்காமல் வகுப்பறைக்குள் முடங்குவது பெரிய இழப்பு.

நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பெயரில் இந்தியாவில் முழு உருப்பெற்ற முதுநிலைப் படிப்பு 2017-இல் தொடங்கிய தீவிர சிகிச்சைப் படிப்பு. இரண்டாண்டு உறைவிடப் பயிற்சி, பெரும்பகுதி வார்டிலேயே. உயர்நிலை நோயியல், மருந்தியல், உடற்பரிசோதனை ஆகிய மூன்றும் அதன் தூண்கள். அடுத்து, 2018-இன் வழிகாட்டுதலை ஒட்டி, மகப்பேற்றுக்கான பதினெட்டு மாதப் பயிற்சி. அதே 2017-இன் தேசிய நலவாழ்வுக் கொள்கை, தேவை அதிகமுள்ள இடங்களில் நர்ஸ் பிராக்டிஷனர், பொதுச் சுகாதாரச் செவிலியர் என்ற பணிநிலைகளை உருவாக்க வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறது. தேவை அதிகமுள்ள இடம் கிராமம். முதலில் படிப்பு கிடைத்ததோ தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு.

5. ஒரு காய்ச்சலின் கணக்கு

இரண்டாண்டுப் படிப்பு எதற்கு, ஒரு நெறிமுறைக் கையேடு போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு நோயை மட்டும் சற்றுக் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

மழைக்காலம் முடியும் தறுவாய். குறிஞ்சிப்பாடிப் பக்கத்து முந்திரித் தோப்பில் களை வெட்டிய பெண்ணுக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, உடம்பு முறிகிறது. மெடிக்கல் கடையில் பாராசிட்டமால் வாங்கிப் போட்டாயிற்று. பிறகு ஒரு கிளினிக்கில் ஊசி. டைபாய்டு என்று சொல்லி மாத்திரையும் கொடுத்தார்கள். காய்ச்சல் நிற்கவில்லை. துணை மையத்துக்கு வருகிறார்.

இங்கே செய்ய வேண்டியது சிறிய வேலை: உடம்பைத் திறந்து பார்ப்பது. அக்குள், மார்புக்குக் கீழே, இடுப்பில் பாவாடை நாடா இறுகும் இடம், தொடையிடுக்கு. ஆடை மறைக்கும் இந்த இடங்களில் எங்கேனும் வலியில்லாத கருகிய பொருக்கு ஒன்று இருந்தால், அது ஸ்க்ரப் டைபஸ் எனும் உண்ணிக் காய்ச்சலாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். புதர்களில் வாழும் நுண்ணுண்ணியின் இளம்பூச்சி கடித்த இடம் அது. வலிக்காததால் நோயாளியே அதைப் பார்த்திருக்கமாட்டார். அமாக்சிசிலினோ செஃப்ட்ரியாக்சோனோ இந்தக் கிருமியைத் தொடாது. டாக்ஸிசைக்கிளின் கேட்கும்; விலை மிகக் குறைவு. சந்தேகம் வந்தவுடன் தொடங்கினால் ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கும். விட்டுவிட்டால் இரண்டாம் வாரத்தில் நுரையீரலும் சிறுநீரகமும் மூளையும் பாதிக்கப்பட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் போய் நிற்கும். கர்ப்பிணியாக இருந்தால் அசித்ரோமைசினைத் தேர்வு செய்ய வேண்டும். மூச்சு வேகமாக இருந்தால், ரத்த அழுத்தம் இறங்கியிருந்தால், உளறல் இருந்தால் முதல் மாத்திரையைக் கொடுத்துவிட்டு 108-ஐக் கூப்பிட வேண்டும்.

பெண்ணின் உடம்பைத் திரைக்குப் பின்னால் நிதானமாகப் பரிசோதிக்க, நெரிசலான ஓ.பி.யில் உட்கார்ந்திருக்கும் ஆண் மருத்துவரைவிட ஊர் நர்சம்மாவுக்கே வாய்ப்பு அதிகம். அந்த வாய்ப்பு பயன்பட வேண்டுமானால் டெங்கு, எலிக்காய்ச்சல், டைபாய்டு, உண்ணிக் காய்ச்சல் நான்கையும் மனத்தில் ஒருசேர நிறுத்திப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். கையேடு ‘என்ன செய்’ என்று சொல்லும். எதைச் சந்தேகப்படுவது என்ற பழக்கமோ நூற்றுக்கணக்கான நோயாளிகளை, தவறும்போது திருத்தும் ஒருவரின் அருகில் இருந்து பார்த்தால் மட்டுமே வரும். ஆறு மாதச் சான்றிதழில் விடுபட்டிருப்பது இந்த அருகிருப்பு.

6. சட்டம் எங்கே நிற்கிறது

மருந்து எழுதும் உரிமை பற்றிய நம் சட்டநிலை தெளிவற்றது. மருந்துகள் விதிகளின் ‘கே’ அட்டவணையில் 23-ஆவது இனம், அரசு நலவாழ்வுத் திட்டங்களின்கீழ் பல்நோக்குப் பணியாளரும் செவிலியரும் அங்கன்வாடி ஊழியரும் வழங்கும் மருந்துகளுக்கு விற்பனை விதிகளிலிருந்து விலக்கு அளிக்கிறது. இது கொடுப்பதற்கான பாதுகாப்பு. எந்த மருந்து, எந்த அளவு என்று முடிவெடுப்பதற்கான அதிகாரம் அதில் இல்லை. 2020 மார்ச்சின் தொலைமருத்துவ வழிகாட்டுதல், சுகாதாரப் பணியாளர் முன்னிலையில் மருத்துவர் காணொலி வழியாகப் பார்த்து மருந்து எழுத வழிசெய்தது. அது நல்ல ஏற்பாடு. இணைப்பும் மருத்துவரின் நேரமும் கிடைக்கும்வரை.

2019-ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-ஆவது பிரிவு ஒரு கதவைத் திறந்தது. சமூக நலவாழ்வு வழங்குநர்களுக்கு வரையறுத்த உரிமம் அளிக்கலாம்; முதல்நிலை, நோய்த்தடுப்புச் சிகிச்சைகளில் குறிப்பிட்ட மருந்துகளை அவர்கள் சுயமாக எழுதலாம்; அவர்களது எண்ணிக்கை பதிவுபெற்ற மருத்துவர்களில் மூன்றிலொன்றைத் தாண்டக் கூடாது. இச்சட்டம் மசோதாவாக இருந்தபோதே அதை எதிர்த்து இந்திய மருத்துவச் சங்கம் 2019 ஜூலை 31 அன்று நாடு முழுவதும் வேலைநிறுத்தம் செய்தது. சங்கம் சொன்ன காரணங்களில் போலி மருத்துவத்துக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்துவிடும் என்ற அச்சமும் ஒன்று.

இந்திய நர்சிங் கவுன்சிலின் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் தேசிய செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர் ஆணையச் சட்டம் வந்தது. படிப்பையும் பணி எல்லையையும் மருந்தெழுதும் வரம்பையும் ஒரே கையால் எழுதுவதற்கு இதுவே தக்க நேரம்.

7. இரண்டாந்தர வைத்தியம் என்ற ஆட்சேபம்

ஏழைக்கு நர்ஸ், பணக்காரனுக்கு டாக்டரா? இந்தக் கேள்வியை மருத்துவச் சங்கம் கேட்கும்போது அதில் தொழில் நலன் கலந்திருக்கலாம். கிராமத்திலிருந்து கேட்கும்போது அப்படி இல்லை. இதற்கு வரலாறும் உண்டு. சென்னை மாகாணத்தில் எல்.எம்.பி. என்ற குறுகியகால மருத்துவப் படிப்பு முடித்த ஊர் மருத்துவர்கள் இருந்தார்கள். 1946-இல் அறிக்கை தந்த போர் (Bhore) குழு, நாட்டுக்கு ஒரே தர மருத்துவர் போதும் என்று சொல்லி அந்தப் படிப்பை நிறுத்தப் பரிந்துரைத்தது. சமத்துவத்தை நோக்கிய முடிவு அது. விளைவு, மேல்தர மருத்துவர் நகரத்தில் தங்கினார். கிராமத்துக்குக் கம்பவுண்டரும் ஊசி போடுகிறவரும் மிஞ்சினார்கள்.

என் பார்வையில், ஆறு மாதப் பயிற்சியை மட்டும் வைத்துக்கொண்டு 105 மருந்துகளை ஒருவர் கையில் கொடுப்பது பற்றி எழும் ஆட்சேபம் நியாயமானது. அதே ஆட்சேபத்தை நான்காண்டுப் பட்டமும் பணி அனுபவமும் இரண்டாண்டு மேற்பார்வைப் பயிற்சியும் பெற்ற செவிலியர்மீது சுமத்துவது நியாயமாகாது. வெளிநாட்டு ஆய்வுகளில் சிறப்பாகச் செய்தவர்கள் முறையான பயிற்சி பெற்றவர்களே.

செவிலியர் பக்கத்திலிருந்தும் ஓர் ஆட்சேபம் வருகிறது. அதை யாரும் உரிய கவனத்தோடு கேட்பதில்லை. ஏற்கெனவே பதிவேடு, செயலி, முகாம், தடுப்பூசி என்று குனிந்த முதுகு. இதன்மேல் நோயறிதல் பொறுப்பையும் ஏற்றினால், ஏதேனும் தவறு நடக்கும்போது யார் நிற்பார்கள்? மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் 2015-ஆம் ஆண்டுத் தேர்வில் வென்று தொகுப்பூதியத்தில் சேர்ந்த செவிலியருக்கு மாதம் ரூ.7,700 தரப்பட்டதும், பணிநிரந்தரம் கேட்டு அவர்கள் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டதும் செவிலியர்களின் நினைவில் அழியாமல் இருக்கின்றன. பொறுப்பு கூடும்போது ஊதியமும் காப்பும் கூடும் என்று நம்ப அவர்களுக்குக் காரணம் குறைவு.

8. சிதம்பரத்தில் செய்யக்கூடியது

1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வளாகத்தில் 1985-இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி வந்தது. ராணி மெய்யம்மை செவிலியர் கல்லூரியும் அங்கேயே இருக்கிறது. 2013-இல் பல்கலைக்கழகம் அரசின் முழுக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. கல்விக் கட்டணத்தை எதிர்த்து 2020 டிசம்பரில் தொடங்கிய மாணவர் போராட்டத்தையடுத்து, 2021 ஜனவரியில் மருத்துவக் கல்லூரி, பல் மருத்துவக் கல்லூரி, செவிலியர் கல்லூரி மூன்றும் உயர்கல்வித் துறையிலிருந்து மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றப்பட்டன. இன்று அந்த மருத்துவக் கல்லூரி கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி. ஐம்பது கிலோமீட்டருக்குள் கடலூர் அரசு தலைமை மருத்துவமனை.

இந்த நிர்வாக மாற்றத்தைப் பலரும் கட்டணப் பிரச்சினையாக மட்டுமே பார்த்தார்கள். எனக்கு அதில் வேறொரு வாய்ப்பு தெரிகிறது. செவிலியர் கல்லூரியும், மருத்துவக் கல்லூரியும், ஆரம்ப சுகாதார நிலையமும் இப்போது ஒரே துறையின்கீழ். கல்லூரி ஆசிரியர் ஒருவர் வாரத்தில் சில நாள் பரங்கிப்பேட்டையில் நோயாளி பார்க்கவும், அங்குள்ள மருத்துவ அலுவலர் மாணவியருக்கு முறையாகக் கற்பிக்கவும் துறைகளுக்கு இடையே கோப்பு அலைய வேண்டியதில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் செவிலியர் கல்லூரி, தன் சமூக நலத் திட்டத்தின்வழி கிராமங்களிலும் நகர்ப்புறக் குடியிருப்புகளிலும் செவிலியரே நடத்தும் மருத்துவப் பணியைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. கற்பிப்பவரே நோயாளியையும் பார்க்கும் மரபு அங்கே உண்டு. அது தனியார் அறக்கட்டளையால் முடிந்ததென்றால் அரசுக் கல்லூரியால் ஏன் முடியாது?

எல்லாத் துணை மையங்களுக்கும் முதுநிலைப் பட்டதாரியை அனுப்புவது நடக்காத காரியம், தேவையும் இல்லை. முப்பதாயிரம் பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை மையம் என்ற அளவுப்படி ஒரு நிலையத்தின்கீழ் ஆறு துணை மையங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நர்ஸ் பிராக்டிஷனர் இருந்தால், தொற்றா நோய்ப் பிரிவை அவர் நடத்தலாம். ஆறு இடைநிலைப் பணியாளர்களையும் அவர்கள் இடத்துக்கே போய்க் கண்காணித்துக் கற்பிக்கலாம். அவர்களுக்கு ஐயம் வந்தால் முதலில் கூப்பிடும் ஆள் அவர்; அவருக்கு ஐயம் வந்தால் மருத்துவ அலுவலர். ஆறு மாதச் சான்றிதழின் குறையை இந்த ஏற்பாடு ஓரளவு ஈடுசெய்யும். முதுநிலைப் பட்டம் ஏன் என்ற கேள்விக்கு என் பதிலும் இதில் இருக்கிறது: நோய் பார்ப்பதற்கு நல்ல பயிற்சி போதும், மற்றவருக்குக் கற்பிக்கவும், மருத்துவரோடு சமமாக அமர்ந்து ஒரு நோயாளியைப் பற்றி வாதிடவும், தம் பகுதியின் எண்களைத் தாமே பகுத்தறியவும் அதற்கு மேலான படிப்பு வேண்டும். தமிழக மருத்துவத் துறையின் அடுக்குமுறையில், பட்டமில்லாத செவிலியரின் கருத்து எத்தனை முறை காதில் விழாமலே போகிறது என்பதை வார்டில் ஒரு நாள் நின்றவர்கூட அறிவார்.

பாடத்திட்டம் தீவிர சிகிச்சைப் படிப்பின் மூன்று தூண்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மீதி இந்த மண்ணிலிருந்து வர வேண்டும். கடலூர் சிப்காட்டை ஒட்டிய குடிக்காடு, ஈச்சங்காடு போன்ற ஊர்களில் மூச்சுத் தொல்லையோடு வருபவரிடம் வேலையும் வீடும் ஆலைக்கு எவ்வளவு அருகில் என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். பாம்புக்கடியில் முதல் ஒரு மணி நேரம். தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நிலையாக்கிவிட்டது. கிள்ளையைச் சுற்றி வாழும் இருளர் குடும்பங்களின் சத்துக்குறைவும் காசநோயும். வெள்ளம் வருமுன் யாருக்கு எத்தனை நாள் இன்சுலின் கையிருப்பு வேண்டும் என்ற பட்டியல். இரண்டாண்டில் பாதிக்கு மேல் ஆரம்ப நிலையத்திலும் துணை மையத்திலும் கழிய வேண்டும். மருத்துவமனை வார்டிலேயே நடத்தி முடித்துவிட்டால் இன்னொரு எம்.எஸ்ஸி.தான் கிடைக்கும். ஃபோர்டும் சில்வரும் செய்ததுபோல, ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு செவிலிய ஆசிரியரும் ஒரு மருத்துவரும் சேர்ந்தே வழிகாட்ட வேண்டும்.

இதெல்லாம் தொடங்குமுன் அரசாணை ஒன்று வர வேண்டும்: பதவியின் பெயர், நிரந்தர ஊதிய நிலை, எழுதக்கூடிய மருந்துகளின் பட்டியல், நல்லெண்ணத்தோடு எடுத்த முடிவு தவறும்போது சட்டப் பாதுகாப்பு. தீவிர சிகிச்சைப் படிப்பு முடித்த செவிலியருக்கு அதற்கென்று பதவி வகுக்காமல் படிப்பை மட்டும் திறந்ததன் விளைவை நாடு பார்த்துவிட்டது. படித்தவர்கள் பழைய நாற்காலிக்கே திரும்பினார்கள்.

சோதித்துப் பார்க்கவும் கடலூர் மாவட்டம் ஏற்ற இடம். கீரப்பாளையம், குமராட்சி, பரங்கிப்பேட்டை, மேல்புவனகிரி ஆகிய வட்டாரங்களில் இரண்டில் நர்ஸ் பிராக்டிஷனரை அமர்த்தி, இரண்டை இப்போதுபோலவே விட்டு, மூன்றாண்டு கழித்து அளக்கலாம்: ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் வந்தவர்கள் எத்தனை பேர், உண்ணிக் காய்ச்சல் எத்தனையாவது நாளில் கண்டுபிடிக்கப்பட்டது, தேவையில்லாத ஆன்டிபயாடிக் எவ்வளவு கொடுக்கப்பட்டது, குடும்பங்களின் கைச்செலவு எவ்வளவு குறைந்தது, பணியில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் விட்டுப் போனார்கள். அளவீட்டை மருத்துவக் கல்லூரிக்கும் செவிலியர் கல்லூரிக்கும் தொடர்பில்லாத வெளியார் செய்ய வேண்டும். நான்கு வட்டாரங்களிலும் கட்டுக்குள் வந்தவர்களின் விகிதம் ஏறத்தாழ ஒரே அளவில் நின்றால், இந்தக் கட்டுரையின் வாதம் தோற்றது என்றே கொள்ளலாம். அப்போது அதே பணத்தை இன்னொரு மருத்துவருக்கோ இன்னும் இரண்டு சுகாதாரத் தன்னார்வலர்களுக்கோ செலவிடுவதே சரி.